முட்டி தேய்ந்த கதையும் 89,600 ரூபாயும்

பக்கத்து போர்ஷன் அக்கா நேற்று சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, நம்ம ரத்தத்தையே எடுத்து முட்டியில போடுவாங்களே, அந்த ஊசி நீ போட்டியே, வலிக்குமா?" என்று கேட்டார். எதுக்குக்கா கேக்கறீங்க என்றேன். மூணு ஊசி, ஒன்று 13,000, அட்வான்ஸ் 2,000 கட்டியாகிவிட்டது என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. என் கதையை அக்காவுக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சொன்னேன். அவர் போன பிறகு, இதை யாராவது எனக்கு 2020-லேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். பில் புத்தகமும் ஸ்டாக் நோட்டும் எழுதிப் பழகிய கை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 63 வயது. திருச்சி உறையூரில் மாடி போர்ஷன், 17 படி. கணவர் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது, மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஒரு ஜவுளிக்கடையில் 26 வருஷம் பட்டுப்புடவை செக்‌ஷனில் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் பதினொன்று. சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது, கூட்டமே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அதை விட மோசம் கீழ் ரேக். குத்தவைத்து உட்கார்ந்து புடவையை உருவி எழுந்திருப்பது, அதையே மறுபடி மடித்து வைக்க இன்னொரு முறை குத்தவைப்பது என்று ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2021-ல். நான் வேலையை விட்டதும் அதே 2021-ல்தான். என் ராசி அப்படி.

நின்றதால் மட்டுமே முட்டி தேய்ந்தது என்று சொல்ல மாட்டேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் பின்னால் ஒருநாள் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: வயது, பெண், மாதவிலக்கு நின்றது, 79 கிலோ எடை, குத்தவைத்து எழும் வேலை, என் அம்மாவுக்கும் இதே முட்டி. கை விரல் ஐந்து தீர்ந்து அடுத்த கைக்குப் போய்விட்டார்.

வலி ஆரம்பித்தது 2020 மார்கழியில். படி இறங்கும்போது வலது முட்டிக்குள் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம். ஏறும்போது தாங்கிற்று, இறங்கும்போதுதான் குத்திற்று. வயசானால் வருவதுதானே என்று விட்டேன். அப்புறம் நடந்ததைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நடந்துகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. முதலில் மலைக்கோட்டை போனது. மாசாமாசம் சங்கடஹர சதுர்த்திக்கு உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க நானூற்றுச் சொச்சம் படி ஏறுகிறவள், கூட்டம் ஜாஸ்தி என்று நிறுத்தினேன். அடுத்தது கோலம். குனிந்து போடலாம், ஆனால் நடுவில் உட்கார்ந்தால் எழ முடியாது, அதனால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். பஸ் போனது, முதல் படி உயரம் என்று. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் கண் முன்னால் போக, நான் ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடுவது போனது. அண்ணன் பேத்தி காதுகுத்துக்கு, மண்டபத்தில் தரையில் உட்கார வைப்பார்களோ என்று பயந்து காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மகன் போனில் கேட்கும்போதெல்லாம் "வலி அப்படியேதான்டா இருக்கு, கூடல" என்பேன். பொய்யில்லை. வலி கூடவில்லைதான். வலிக்கிற வேலையை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டால் வலி எப்படிக் கூடும்?

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், வலி எவ்வளவு என்று கேட்காதீர்கள். போன வருஷம் செய்துகொண்டிருந்ததில் இப்போது எதை விட்டுவிட்டீர்கள் என்று கேளுங்கள். என்னிடம் யாராவது 2021-ல் அப்படிக் கேட்டிருந்தால் நானே திடுக்கிட்டிருப்பேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். முதல் ஒரு வருஷம் மெடிக்கலில் 'செட் மாத்திரை'. முட்டிவலி என்றால் போதும், கவரில் மூன்று நிறத்தில் மாத்திரை போட்டுத் தருவார்கள், எதற்கும் பேர் தெரியாது. சாப்பிட்டால் ஆறு மணி நேரம் சொர்க்கம். எட்டு மாதத்தில் வயிறு எரிய ஆரம்பித்து, பிரஷர் 170-க்குப் போய், ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் 1.5. சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். வலி மாத்திரையைத் தப்பென்று சொல்லவில்லை. பிரஷர், சுகர், வயிற்றுப்புண் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாசக்கணக்கில் முழுங்கக் கூடாது. முட்டிக்கு மேலே தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல்லைத்தான் முதலில் முயல வேண்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். ட்யூப் அப்போது நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அப்புறம் ஒரு கிளினிக். மூட்டுவலிக்கென்றே நடத்துகிற கிளினிக்கை முதல் மாடியில் லிஃப்ட் இல்லாமல் வைத்திருந்தார்கள், 22 படி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள், 6,500. என் மாதிரி கேஸில் நிற்க வைத்து எடுக்கிற சாதாரண எக்ஸ்ரே போதும் என்று எனக்கு அப்போது தெரியாது. எக்ஸ்ரே படுக்க வைத்து எடுத்தால் எலும்புக்கு நடுவே இடைவெளி இருப்பது போலத் தெரியுமாம். நின்று, உடம்புப் பாரம் இறங்கினால்தான் உண்மை தெரியும். ஜவ்வுக்குப் பதிலாக ஜெல் ஊசி என்று 17,500. ஒரு மாதம் லேசாக இருந்தது. குருத்தெலும்பு வளர மாத்திரை என்று மாதம் 1,150, பதினான்கு மாதம், ஆக 16,100. கடைசியில் ரத்த ஊசி, 12,000 வீதம் வாரம் ஒன்றாக மூன்று. அதற்காக ஒன்றரைப் பவுன் செயினை அடகு வைத்தேன். மகனுக்குச் சொல்லவில்லை. அவன் பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதம் அது.

ரத்த ஊசிக்கு இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மூன்றாவது மாதம் பழைய முட்டி திரும்ப வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்து 2021-ல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பாதிப் பேருக்கு இதே ரத்த ஊசி வாரம் ஒன்றாக மூன்று, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உப்புத்தண்ணீர் போட்டவர்களுக்கும் வலி குறைந்திருக்கிறது. எனக்குக் குறைந்ததும் அந்தக் கணக்காகத்தான் இருக்க வேண்டும். ஜெல் ஊசியையும் போடாதீர்கள் என்றுதான் இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டி 2022-ல் சொல்லியிருக்கிறது. என் செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் சந்தையில் ஒருவர் விற்ற மூலிகைப் பொடி. பாக்கெட்டில் பேர் இல்லை, விலாசம் இல்லை. மாதம் 1,500. மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான். எந்த மூலிகை மூன்று நாளில் தேய்ந்த முட்டியைச் சரிசெய்யும்? மூன்று மாதத்தில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, சுகர் 310. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து என்று சொல்லி, அவர் மேற்பார்வையில் மெதுவாக விட வைத்தார். நீங்கள் யாராவது அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றபடி முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப் எல்லாம் சாப்பிட்டேன். முட்டி சரியாகவில்லை, வாய்க்கு நன்றாக இருந்தது. தைலமும் அதைத் தேய்த்துவிட்டவர் கூலியுமாக 9,000. எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கூட்டினால் 89,600. ஆட்டோவும் செட் மாத்திரையும் இதில் சேராது.

2023 கார்த்திகையில் ஒரு விடியற்காலை. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். உட்கார்ந்தவள் எழ முடியவில்லை. இரண்டு முட்டியும் பூட்டிக்கொண்டது போல இருந்தது. கைக்கு எட்டியது குழாய் ஒன்றுதான், அதைப் பிடித்து இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் போல ஆடியது. கதவு உள்தாழ். கத்தினால் கீழ் வீட்டுக்காரர்தான் வருவார், இந்தக் கோலத்திலா என்று கத்தவும் இல்லை. பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் மேல் முழங்கையை ஊன்றி, புட்டத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்து, கதவைப் பிடித்து எழுந்தபோது பால்காரர் வந்து போய்விட்டிருந்தார். முக்கால் மணி நேரம். அன்றைக்குக் குளித்துவிட்டு அழுதேன். வலிக்காக அழவில்லை. அன்றிலிருந்து ராத்திரி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன், அதுவும் இன்னொரு முட்டாள்தனம்.

கமோடு ஸ்டூல் என்று கடையில் கேளுங்கள். இந்தியன் டாய்லெட் மேலேயே வைத்துக்கொள்ளலாம், நடுவில் ஓட்டை இருக்கும். நான் 1,800-க்கு வாங்கினேன். சுவரில் பிடிமானக் கம்பி 450, பொருத்த 300. ஓட்டை போட வீட்டுக்காரர் முகம் சுளித்தார், காலி செய்யும்போது பூசித் தருகிறேன் என்றதும் விட்டுவிட்டார். மொத்தம் 2,550. அந்த 89,600-க்கு முன்னால் செய்திருக்க வேண்டிய செலவு இது.

அந்தப் பயத்தில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அலைந்தேன். ஒரு முழு நாள், ஆட்டோ 600 ரூபாய். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, மூட்டுத் தேய்மானம் என்று தனியாக ஒன்று கிடையாது. கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் பார்ப்பார்கள். முட்டி எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு பலம், நிற்க நடக்க முடிகிறதா என்று பார்த்து சதவீதம் போடுகிறார்கள். 40 வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். எனக்கு 25. சமதரையில் நாலு எட்டு நடந்து காட்டச் சொன்னார்கள், நடந்தேன். சமதரையில் நான் நன்றாகவே நடப்பேன். என் வீடு மாடியில் இருப்பதும், டாய்லெட் தரையில் இருப்பதும், பஸ் படி உயரமாக இருப்பதும் அந்தப் படிவத்தில் எங்கே வரும்? அந்த டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் விதிப்படி செய்தார்கள். உதவித்தொகை கிடைக்கும் என்று நம்பி, என்னைப் போல் வெயிலில் போய் நிற்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முட்டி மடங்காமல் நின்றுபோன அளவுக்கு முற்றியவர்கள் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள்.

திரும்பும் வழியில் நினைத்துப் பார்த்தேன். என் தெருவிலேயே ஐம்பது தாண்டிய பெண்களில் முட்டியைப் பிடிக்காமல் எழுகிறவர் யார்? நாட்டில் ஐந்து இடங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேருக்கு முழங்கால் தேய்மானம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், 2019-ல் உலகம் முழுக்க மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 52.8 கோடி, அதில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரின் முதியவர்களைப் பல வருஷம் பார்த்து 1994-ல் எழுதியிருக்கிறார்கள்: படி ஏற முடியாமல், நடக்க முடியாமல், வீட்டு வேலைக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்க வைப்பதில் முழங்கால் தேய்மானம் இருதய நோய்க்குக் கொஞ்சமும் சளைத்ததில்லையாம். இருதயம் என்றால் மகன் ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறி வந்திருப்பான். முட்டி என்றால் "எல்லாருக்கும் இருக்கறதுதானேம்மா". எல்லாருக்கும் இருப்பதாலேயே இதை யாரும் வியாதியாக மதிப்பதில்லை. நானே மதிக்கவில்லையே.

வழி காட்டியது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண். 2021-ல் தொடங்கிய திட்டம். பிரஷர் சுகர் மாத்திரைதான் தருவார்கள் என்று நினைத்திருந்தேன், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டாம். இரண்டு வாரத்தில் ஒரு பெண் வந்தாள், என் பேத்தியை விடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். வந்ததும் முட்டியைத் தொடவே இல்லை. இஞ்சு டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தாள். இடது பதினெட்டரை, வலது பதினேழு. "அம்மா, முட்டி தேஞ்சதை விட உங்க தொடை தேஞ்சதுதான் ஜாஸ்தி" என்றாள். 26 வருஷம் டேப் பிடித்தவளுக்கு ஒன்றரை இஞ்சு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ரவிக்கையில் ஒன்றரை இஞ்சு போனால் போடவே முடியாது. வலிக்கு பயந்து காலுக்கு ஓய்வு கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அந்த ஓய்வுதான் தொடைத் தசையைத் தின்றிருக்கிறது. பாரத்தைத் தாங்க வேண்டிய தசை மெலிந்தால் மொத்தமும் முட்டியில் இறங்குகிறது. வலித்ததால் நடக்கவில்லை, நடக்காததால் இன்னும் வலித்தது.

அவள் சொல்லிக்கொடுத்தது மூன்றே மூன்று. காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, துண்டை நசுக்குவது போல அழுத்திப் பத்து எண்ணுவது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து, இன்னொன்றை மடக்காமல் ஒரு சாண் தூக்கி நிறுத்துவது. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. முதல் பத்து நாள் வலி கூடிற்று, நிறுத்திவிட்டேன். அடுத்த முறை வந்தபோது திட்டினாள். செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம், மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. இந்த ஒரு விதிதான் என்னைக் காப்பாற்றியது. பலன் தெரிய எனக்குப் பத்து வாரம் ஆனது. முட்டி சிவந்து, சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தாலோ, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டெல்லாம் இறுகிக் கிடந்தாலோ அது வேறு வியாதியாக இருக்கலாம், அதற்கு டாக்டர்தான்.

எடை 79-லிருந்து 72-க்கு வந்தது, ஒன்றரை வருஷம் பிடித்தது. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறைகிறதாம். ராத்திரிச் சோறும் நாலு மணி பஜ்ஜியும் போயின, பஜ்ஜிக்குத்தான் மனசு இன்னும் ஆறவில்லை. கைத்தடிக்கு வெட்கப்பட்டு முதலில் குடையை ஊன்றினேன். பிறகு தடி வாங்கியும் வலிக்கிற பக்கத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன். தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும், வலது முட்டிக்கு இடது கை. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இரண்டும் வலிக்கும் என்றால் குறைவாக வலிப்பது நல்ல கால்.

ஆபரேஷன் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு முட்டியையும் ஒரே சமயத்தில் மாற்ற நாலரை லட்சம் என்று முதல் நாளே சொன்னார்கள். அரசு மருத்துவமனையில், வலது முட்டியை ஒருநாள் மாற்றத்தான் வேண்டியிருக்கும், இப்போது நடக்கிறீர்கள், தூங்குகிறீர்கள், அவசரமில்லை என்றார்கள். தூக்கம் கெடும் அளவுக்கு வலி வந்து, வீட்டுக்குள் நடப்பதே கஷ்டமானால் அப்போது தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார்கள். முட்டிக்குள் வைக்கிற உலோகத்துக்கு மத்திய அரசு 2017-ல் விலை உச்சவரம்பு வைத்தது. சாதாரணமாக வைக்கும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அதனால் பேக்கேஜ் என்று மொத்தமாகச் சொன்னால் உலோகத்துக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கேட்பார்கள். மகன் எனக்கு எடுத்த தனியார் பாலிசியில் மூட்டு மாற்றத்துக்கு நாலு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது, பணம் கட்டின பிறகுதான் படித்தோம்.

இப்போது கடைக்கு நடந்து போகிறேன், தடியோடு பஸ் ஏறுகிறேன். தரையில் உட்காருவது கிடையாது. சதுர்த்திக்கு மலைக்கோட்டை அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு சரி, உச்சிப்பிள்ளையாருக்குக் கீழே இருந்தே ஒரு கும்பிடு. வலது தொடை பதினெட்டேகால் ஆகியிருக்கிறது, போன வாரம்தான் அளந்தேன்.

அக்கா கட்டிய அட்வான்ஸ் 2,000-ஐத் திருப்பிக் கேட்க நாளைக்கு இரண்டு பேரும் போகிறோம். அக்கா தனியாகப் போனால் பேசியே அனுப்பிவிடுவார்கள். நான் போன அதே கிளினிக்தான், இன்னும் அதே 22 படி, இன்னும் லிஃப்ட் கிடையாதாம். அக்காவுக்கு இன்று காலை எங்கள் வீட்டுப் படியிலேயே சொல்லிக்கொடுத்தேன், நல்ல கால் முதலில்.